கை தூக்கியவர்

போன மாதம் ஒரு விசேஷத்துக்காக ராஜபாளையம் போயிருந்தேன். அக்கா வீட்டில் தங்கல். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாயை விரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

‘‘மாமா, ஒரு மேட்ச் போடலாமா?’’

‘‘இந்த வெயில்லயாடா?’’

‘‘வெயில்ல யாரு போகச் சொன்னா?’’ என்று டி.வி.யைக் காட்டினான். கீழே வெள்ளையாக, நிமிர்த்தி வைத்த புத்தகம் மாதிரி ஒரு வஸ்து. அவன் அப்பா துபாயிலிருந்து வாங்கி வந்த பிளேஸ்டேஷன். பாஸ்கெட்பால் கேம். நான் ஒரு காலத்தில் ஸ்கூல் டீமில் ஆடியவன் என்று அக்கா பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் வந்த வினை.

கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தான். அதில் எத்தனை பொத்தான் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். ‘‘இந்த டீமை எடுத்துக்கோங்க மாமா, நல்ல டீம்’’ என்று அவனே தேர்ந்தெடுத்தும் கொடுத்தான். டீமின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நம்பர் இருந்தது. ஏதோ சட்டை நம்பர் என்று நினைத்துக்கொண்டேன்.

78-க்கு 31. எதிர்முனையில் நான். என் ஆள் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் விளம்பரப் பலகையை முட்டிக்கொண்டு நின்றான். பையன் சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து விழுந்தான்.

தோற்றவன் என்ன சொல்வான்? ‘‘இதெல்லாம் ஒரு விளையாட்டாடா? சாயங்காலம் கிரவுண்டுக்கு வா, காட்டறேன்’’ என்றேன்.

* * *

சாயங்காலம் போனோம். மில் ஷிப்ட் முடிந்தவர்கள், டவுனில் கடை வைத்திருப்பவர்கள், ரிட்டயரான ஒரு வாத்தியார், காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் என்று கலவையான கூட்டம். ராஜபாளையம் என்றால் பஞ்சு, நூல், மருத்துவத் துணி, நாய் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். நாய்க்கு 2005-ல் தபால் தலையே போட்டார்கள். ஆனால் இந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு கூடைப்பந்தின் மேல் ஒரு ஆசை உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதத்தில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு ராணுவ டீமிலிருந்து பேங்க் டீம் வரை வந்து ஆடிவிட்டுப் போவார்கள்.

நான் சொல்லும் கிரவுண்டில் அதெல்லாம் கிடையாது. வலை இல்லாத வளையம். பாதி அழிந்த கோடு. நடுவர் கிடையாது. அவரவர் ஃபவுலை அவரவரே சொல்லிக்கொள்ள வேண்டும்.

நான் பத்து நிமிஷம் ஆடிவிட்டு மூச்சு வாங்கி வெளியே வந்து உட்கார்ந்தேன். ஆட்டம் 19-19. இருபது பாயின்ட் எடுத்தவர் ஜெயித்தவர். பந்து ஒரு கூட்டத்துக்குள் தட்டுப்பட்டு வெளியே போனது. ‘எங்களுது’, ‘எங்களுது’ என்று இரண்டு பக்கமும் சத்தம். யார் கையில் கடைசியாகப் பட்டது என்று எனக்கும் தெரியவில்லை, பையனுக்கும் தெரியவில்லை. அந்த ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

‘‘என் விரல்ல பட்டுச்சுப்பா. அவங்க பந்து.’’

அவர் டீம் பையன் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். எதிர் டீம் பந்தை எடுத்து, பாஸ் போட்டு, கூடையில் போட்டு, ஆட்டத்தை முடித்தது. வாத்தியார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்.

‘‘மாமா, அவரு ஏன் சொன்னாரு? யாருமே பாக்கலியே?’’

சின்னக் கேள்விதான். ‘நேர்மைடா’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

* * *

இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் என் அக்கா மகன் இல்லை. ஏறத்தாழ 2,400 வருஷத்துக்கு முன்பு பிளேட்டோ ‘குடியரசு’ எழுதும்போதே கேட்டுவிட்டார். அதில் ஒரு மோதிரக் கதை வருகிறது. கைஜஸ் வம்சத்து ஆட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. கல்லை உள்பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அதைக் கண்டுபிடித்ததும் நேரே அரண்மனைக்குப் போய், ராணியை மயக்கி, ராஜாவைக் கொன்று, நாட்டைப் பிடித்துக்கொள்கிறான். இப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் நல்லவன், கெட்டவன் எல்லாரும் ஒன்றுபோலத்தானே நடந்துகொள்வார்கள் என்பது அங்கே கேட்கப்படும் கேள்வி.

அந்த மோதிரம் இன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கிறது. ஆன்லைனில் ஒரு பெயர் வைத்துக்கொள்கிறோமே, ‘கில்லர் கிங் 007’ மாதிரி, அதுதான். பின்னால் இருப்பது எட்டாம் வகுப்புப் பையனா, எட்டுப் பிள்ளை பெற்றவரா, யாருக்கும் தெரியாது. துப்பாக்கி கேம்களில் தானாகக் குறி பார்த்துச் சுடும் ‘எய்ம்பாட்’ என்கிற திருட்டு சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். அதைப் பிடிக்க கம்பெனிகள் இன்னொரு சாஃப்ட்வேர் எழுதுகின்றன. ‘வேலரன்ட்’ என்ற கேமுக்காக 2020-ல் வந்த காவல்கார புரோகிராம், கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கருவறையிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. பக்தனை நம்பாமல் சன்னதிக்குள் போலீஸ் போட்ட மாதிரி.

ஆனால் வீடியோ கேம் பிறந்தபோது இப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை.

உலகத்தின் முதல் வீட்டு வீடியோ கேம் கன்ஸோல் ‘மேக்னவாக்ஸ் ஒடிஸி’. 1972-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ரால்ஃப் பேயர் என்ற இன்ஜினீயரின் மூளை. திரையில் சில வெள்ளைப் புள்ளிகள் நகரும், அவ்வளவுதான். சத்தம் கிடையாது. டென்னிஸ் மைதானம் வேண்டுமென்றால் பெட்டியோடு வரும் கலர் பிளாஸ்டிக் தாளை டி.வி. கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். தாயக்கட்டை, விளையாட்டு ரூபாய் நோட்டு, சீட்டு எல்லாம் கூடவே வரும். முக்கியமான விஷயம், அந்த மிஷினுக்கு ஸ்கோர் எண்ணத் தெரியாது. யாருக்கு எத்தனை பாயின்ட் என்று ஆடுகிறவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியேவா என்று இருவரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். பல்லாங்குழி ஆடுகிற மாதிரிதான்.

அதே 1972 கடைசியில் அடாரி கம்பெனி ‘பாங்’ என்ற காசு போட்டு ஆடும் மிஷினைக் கொண்டுவந்தது. திரையின் உச்சியில் இரண்டு எண்கள். மிஷினே ஸ்கோர் சொல்லும். அன்றைக்கு ஒரு சின்னப் பொறுப்பு மனுஷன் கையிலிருந்து மிஷின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு அது திரும்பி வரவே இல்லை.

நம் ஊருக்கு இதெல்லாம் தொண்ணூறுகளில் டூப்ளிகேட்டாக வந்து சேர்ந்தது. ஜப்பானின் நின்டெண்டோ 1983-ல் வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ மிஷினின் நகல்கள். நாங்கள் அதை ‘டி.வி. கேம்’ என்போம். மஞ்சள் கேஸட்டில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது என்னவோ பத்துப் பன்னிரண்டு கேம்தான். பாருங்கள், ஏமாற்று வேலை கேஸட் லேபிளிலேயே ஆரம்பித்துவிட்டது! ஓடவில்லை என்றால் கேஸட்டை எடுத்து வாயால் ஊத வேண்டும். மரியோ மூன்று உயிரையும் விட்டபோது ‘இல்ல, நான் சாகலை’ என்று அதனிடம் யாரும் வாதாட முடியாது. செத்தால் செத்ததுதான்.

* * *

இதையெல்லாம் பையனிடம் என் பாணியில் சொல்லி, ‘‘அந்தக் காலத்துல மனுஷனை நம்பினாங்க, இப்ப மிஷினை நம்பறீங்க’’ என்று முடித்தேன். வழக்கமான மாமா டயலாக். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது லேசுப்பட்டவர்கள் இல்லை.

‘‘மாமா, எங்க ஸ்கூல் கிரவுண்ட்ல ஃபவுலா இல்லையான்னு பெரிய பசங்க சொல்றதுதான். நாங்க வாயத் தொறந்தா டீம்ல சேக்க மாட்டாங்க. கேம்ல அப்படி இல்ல. அங்க யாரு பெரியவன், யாரு அப்பா என்ன வேலைன்னெல்லாம் பாக்காது.’’

என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். என் காலத்திலும் பந்து யாருடையதோ அவன் வைத்ததுதான் சட்டம். அவனை அவுட் என்று சொன்னால் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ‘அவரவர் ஃபவுலை அவரவர் சொல்வது’ என்பது கேட்க அழகாக இருக்கிறது. பலம் உள்ளவன் சொல்லாமல் இருப்பான், பலம் இல்லாதவனால் கேட்க முடியாது. கிரவுண்டுக்கு வெளியேயும் நம் ஊர்களில் பல நூற்றாண்டு அப்படித்தான் நடந்தது. அதனால்தான் நடுவர் வேண்டியிருக்கிறது, கோர்ட் வேண்டியிருக்கிறது, ரசீது வேண்டியிருக்கிறது.

பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்துக்கும் இது தெரிந்திருந்தது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே பையன்களை ஓடவிட ஒரு விளையாட்டு வேண்டும் என்று பீச் பழக்கூடை இரண்டை மாட்டி ஆரம்பித்தார். எழுதிய விதிகள் மொத்தம் 13. அதில் இரண்டை நடுவர்களுக்கே ஒதுக்கினார். ஒருவர் ஆட்களைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் பந்தைப் பார்த்துக்கொள்ள. அவர் வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பள்ளிக்கூடத்தில், கிறிஸ்தவ ஒழுக்கம் சொல்லித்தரும் இடத்தில். அங்கேயே மனசாட்சியை மட்டும் நம்பி ஆட்டத்தை விடவில்லை. அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் மூலமாக உடற்கல்விப் பள்ளி தொடங்கியது. இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். அங்கே படித்த பி.டி. வாத்தியார்கள் ஊர் ஊராக விசிலோடுதான் போய் இறங்கினார்கள்.

ஆக, நடுவர் வேண்டும். அதில் பையன் கட்சிதான் நானும்.

ஆனால் அவன் மிஷினை நம்புகிற அளவுக்கு நம்பலாமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1993-ல் ‘என்.பி.ஏ. ஜாம்’ என்று ஒரு பாஸ்கெட்பால் வீடியோ கேம் வந்து அமெரிக்காவையே கலக்கியது. அதை வடிவமைத்த மார்க் டர்மெல், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் டீமின் பரம ரசிகர். சிகாகோ புல்ஸ் அவர்களுக்கு ஜென்ம விரோதி. டர்மெல் என்ன செய்தார்? இந்த இரண்டு டீமும் மோதி, ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது, கடைசி நொடியில் சிகாகோக்காரன் எறிந்தால் பந்து கூடையில் விழாத மாதிரி புரோகிராமில் எழுதி வைத்துவிட்டார். பல வருஷம் கழித்து அவரே பேட்டியில் ஒப்புக்கொண்டார். இதில் இன்னொரு கூத்து, அந்த கேமை வெளியிட்ட மிட்வே கம்பெனி இருந்தது சிகாகோவில்!

காசைப் போட்டுவிட்டுத் தோற்ற எத்தனை பையன்கள் ‘என் கை சரியில்லை’ என்று நொந்திருப்பார்கள். மிஷினுக்கு யார் அப்பா என்று தெரியாதுதான். ஆனால் மிஷினுக்கே ஒரு அப்பா இருக்கிறார். அவருக்குப் பிடித்த டீம் ஒன்று இருக்கிறது.

டர்மெல்லும் கடைசியில் கையைத் தூக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சொல்லியிருக்காவிட்டால் அத்தனை பேர் கண்ணுக்கும் மறைந்தே போயிருக்கும். மிஷினையும் மனுஷனே காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

* * *

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் எல்லாரும் உருப்போடும் ஒரு வழக்கு உண்டு. 1896, இங்கிலாந்து, கிங்ஸ்டன் காட்டன் மில். அந்த மில்லின் மேனேஜர் கையிருப்பில் உள்ள பஞ்சையும் நூலையும் வருஷா வருஷம் கூட்டிக் காட்டி, லாபம் வந்த மாதிரி கணக்கு எழுத வைத்தார். ஆடிட்டர்கள் குடோனுக்குள் போய் எண்ணவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டதை நம்பினார்கள். வழக்கு வந்தபோது, ஆடிட்டர் என்பவர் காவல் நாய் மாதிரி, மோப்ப நாய் மாதிரி இல்லை என்று நீதிபதி லோப்ஸ் சொல்லி, அவர்கள்மேல் தப்பு இல்லை என்று விட்டுவிட்டார்.

பஞ்சு மில்லும் நாயும் உள்ள ஊரிலிருந்து போய்ப் படித்ததால் எனக்கு அந்த வழக்கு மறக்கவே இல்லை. அப்போது பரீட்சைக்குப் படித்தேன். இப்போதுதான் அதன் உள்ளர்த்தம் புரிகிறது. எந்தச் சட்டமும், எந்த ஆடிட்டரும் ஒரு இடத்துக்கு அப்புறம் மனுஷன் சொன்ன வார்த்தையை நம்பித்தான் ஆக வேண்டும். குடோனுக்குள் ஆடிட்டரை அனுப்பலாம். மூட்டைக்குள் அனுப்பலாமா? கேமரா வைக்கலாம். கேமராவைப் பார்க்கிறவன் தூங்கிவிட்டால்? காவலுக்குக் காவல் என்று போட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒரு ஆள் தனியாக நிற்பான், அவனைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் மொத்தக் கணக்கும் தொங்குகிறது.

அந்த ஆளை எங்கே தயார் செய்வது? எனக்குத் தெரிந்து புத்தகத்தில் முடியாது. ஃப்ரீ த்ரோ மாதிரிதான். சின்னச் சின்ன இடத்தில், தினம் தினம், போட்டுப் போட்டுப் பழக வேண்டும். 20 பாயின்ட் ஆட்டம், ஜெயித்தால் ஒரு டீகூட இல்லாத ஆட்டம், அங்கே ‘என் விரல்ல பட்டுச்சுப்பா’ என்று சொல்லிப் பழகியவனுக்குத்தான் 20 லட்ச ரூபாய் மேட்டரில் வாய் திறக்கும். மிஷின் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிற ஆட்டத்தில் ஏமாற்றவும் வழி இல்லை, ஒப்புக்கொள்ளவும் வாய்ப்பு இல்லை. நம் பிள்ளைகள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கை தூக்கிப் பழக அவர்களுக்கு ஒரு இடம் குறைந்துபோய்விட்டது, அதுதான் என் கவலை.

கை தூக்கினால் நஷ்டம் வராதா என்றால், வரும். 1980 பிப்ரவரி, பம்பாய் ஜூப்ளி டெஸ்ட். இந்தியாவுக்கு குண்டப்பா விஸ்வநாத் கேப்டன். இங்கிலாந்தின் பாப் டெய்லருக்கு அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத், பந்து பேட்டில் படவில்லை என்று அம்பயரிடம் சொல்லி டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் அடித்தார்கள். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. நல்லது செய்தால் நல்லதே நடக்கும் என்று சொல்கிறவர்கள் இந்த ஸ்கோர் கார்டை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

* * *

இப்போது என் கதை.

1996. ப்ளஸ் ஒன் படிக்கிறேன். ஸ்கூல்களுக்கு இடையேயான போட்டி. எதிரே ஸ்ரீவில்லிபுத்தூர் டீம். கடைசி நிமிஷம், நாங்கள் ஒரு பாயின்ட் முன்னால். பந்து என் விரல் நுனியில் உரசிக்கொண்டு பக்கக் கோட்டுக்கு வெளியே போனது. நடுவரை இரண்டு பேர் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சற்றும் யோசிக்காமல் ‘எங்க பந்து’ என்று கையைக் காட்டினேன். விசில். எங்கள் பந்து. அப்படியே நேரத்தை ஓட்டி ஜெயித்தோம். எதிர் டீமில் என்னைக் காவல் காத்தவன், ஒல்லியாக, இடது கைக்காரன், ‘உன் கைலதானே பட்டுச்சு?’ என்று ஒரே ஒரு தடவை கேட்டான். நான் திரும்பிக்கொண்டேன்.

அதற்காக என் வாழ்க்கை ஒன்றும் பாழாகவில்லை. தூங்கினேன், சாப்பிட்டேன், காலேஜ் போனேன், பத்திரிகையில் சேர்ந்து ஊரில் உள்ளவர்கள் யோக்கியதையை எல்லாம் எழுதினேன். யாராவது அரசியல்வாதி கேமராவைப் பார்த்து, கண் இமைக்காமல், ‘எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்று சொல்லும்போது மட்டும் அந்த முகம் எனக்குப் பரிச்சயமான முகமாகத் தெரியும்.

அந்த இடது கைக்காரர் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கிறார் என்று விசேஷத்தில் ஒரு சிநேகிதன் சொன்னான். மறுநாள் பைக்கை எடுத்தேன். பையனும் ஏறிக்கொண்டான். பன்னிரண்டு கிலோமீட்டர் சுமார். இடது பக்கம் மலை கூடவே வந்தது. கொஞ்ச தூரத்திலேயே கோபுரம் தெரிய ஆரம்பித்துவிட்டது. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று பையனுக்குச் சொன்னேன்.

முதலில் கோயில். கண்ணாடிக் கிணற்றருகே நின்றபோது பாட்டி சொன்ன கதை ஞாபகம் வந்தது. உங்களுக்கும் தெரிந்ததுதான். பெருமாளுக்கென்று பெரியாழ்வார் கட்டி வைத்த மாலையை, கோதை யாருக்கும் தெரியாமல் தான் சூடிப் பார்த்து, இந்தக் கிணற்றில் அழகு பார்த்துவிட்டுக் கூடையில் வைத்துவிடுவாள். ஒரு நாள் மாலையில் ஒரு முடி இருப்பதை ஆழ்வார் பார்த்துவிடுகிறார். பதறிப்போய் அன்றைக்கு அந்த மாலையைச் சாத்தவில்லை. அவள் சூடிய மாலைதான் தனக்கு வேண்டும் என்று பெருமாள் கனவில் வந்து சொன்னது அப்புறம்.

எல்லாரும் கோதையைப் பற்றியும் கனவைப் பற்றியும்தான் பேசுவார்கள். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. அந்த முடியை ஆழ்வாரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மாலையைச் சாத்தியிருக்கலாம். பூஜைக்கு நேரமாகிறது. குழந்தை தெரியாமல் செய்துவிட்டாள். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் வெறுங்கையோடு சன்னதியில் நின்றார். கனவு வரப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது. கனவு வராமலே போயிருந்தாலும் அந்த மனுஷர் அந்த மாலையைச் சாத்தியிருக்க மாட்டார் என்றுதான் நான் நம்புகிறேன்.

கடைக்குப் போனோம். ஒல்லியாக இருந்தவர் இப்போது நன்றாகச் சதை போட்டிருந்தார். இடது கையால்தான் பில் எழுதிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஸ்கூல் பெயரைச் சொன்னதும், ‘‘அடடே, வாங்க வாங்க, உக்காருங்க’’ என்று டீ சொன்னார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேட்ச், கடைசி நிமிஷம், விரல் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் பையன் டீ கிளாஸைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

‘‘அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லீங்களே’’ என்றார். ‘‘நாம ஆடுனோமா?’’

எனக்கு உள்ளே ஏதோ சப்பென்று ஆகிவிட்டது. மன்னிப்பார், திட்டுவார், கட்டிப்பிடிப்பார் என்று என்னென்னவோ நினைத்து வந்திருந்தேன். ஞாபகமே இருக்காது என்று மட்டும் நினைக்கவில்லை. இருபத்தொன்பது வருஷமாக நான் வைத்திருந்த கடனை, கொடுத்தவர் தன் நோட்டில் எழுதவே இல்லை. அப்படியானால் கடன் இல்லை என்று ஆகுமா? கடன் கொடுத்தவன் எழுதினானா என்று பார்த்து என் பேரேட்டை முடிக்கக்கூடாது என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். என் புத்தகத்தில் அது இருக்கிறது. இருக்கட்டும்.

பால்கோவா வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அவர் காசு வாங்க மாட்டேன் என்றார், நான் வலுக்கட்டாயமாகக் கொடுத்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கு சரி.

பாதி வழியில் பின்னாலிருந்து பையன் என் முதுகைத் தட்டினான்.

‘‘மாமா.’’

‘‘என்னடா?’’

‘‘நேத்து உங்களுக்கு நல்ல டீம்னு ஒண்ணு குடுத்தேன்ல... அதுதான் இருக்கறதுலயே மட்டமான டீம். பக்கத்துல நம்பர் போட்டிருந்துச்சே, அது டீமோட ரேட்டிங். நீங்க கவனிக்கல.’’

வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

‘‘சரி, இன்னிக்கு ஒரு மேட்ச் போடுவோம். நீ அந்த டீமை எடுத்துக்கோ.’’

‘‘எடுத்துக்கறேன் மாமா. அப்பவும் நீங்கதான் தோப்பீங்க’’ என்றான்.

சொன்னபடியே ஆனது. 64-க்கு 40.